ஒரே அப்பம், இரண்டு கல்லறைகள்

கடவுள் ஒருவரே. அவர் நம் எல்லோருக்கும் தந்தை. ஆகவே நாம் எல்லோரும் உடன்பிறந்தவர்கள். கிறிஸ்தவ நம்பிக்கையைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். மறைக்கல்வி வகுப்புக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கும் போகிற ஏழு வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆலயத்தில் எழுந்து நின்று இதைத்தான் அறிக்கையிடுகிறோம். 'சகோதர சகோதரிகளே' என்று அழைத்துத்தான் பங்குத்தந்தை மறையுரையைத் தொடங்குகிறார். சமாதானம் சொல்லி ஒருவரையொருவர் கைகூப்பி வணங்குகிறோம். ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொள்கிறோம்.

பூசை முடிகிறது. வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை மாட்டுகிறோம். ஒரு கூட்டம் ஊர்த் தெருவுக்குப் போகிறது. இன்னொரு கூட்டம் காலனிக்குப் போகிறது. உள்ளே உடன்பிறந்தவர்களாக இருந்தவர்கள் வெளியே வந்ததும் யாரோ எவரோ ஆகிவிடுகிறார்கள்.

ஒரு மனிதரின் நம்பிக்கையை அவர் சொல்லும் ஜெபத்தை வைத்து அளக்க முடியாது. ஓர் ஊர்ச் சபையின் நம்பிக்கையை அளக்க நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்: ஆலயத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள், திருவிழாவில் தேர் எந்தத் தெருவரை போகிறது, இறந்தவரை எங்கே புதைக்கிறார்கள், பெண்ணை யாருக்குக் கொடுக்கிறார்கள். இந்த நான்கும் சரியாக இருந்தால் அந்த ஊரில் கிறிஸ்தவம் இருக்கிறது. இல்லையென்றால் அங்கே இருப்பது சிலுவை வைத்த சாதி.

வேதம் எதைக் கண்டித்தது?

இந்த முரண்பாடு நம் ஊரில் மட்டும் முளைத்ததல்ல. முதல் நூற்றாண்டிலேயே அது தலைகாட்டியது. அன்றைய சபை அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை.

யாக்கோபு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பொன் மோதிரமும் பளபளக்கும் உடையும் அணிந்த ஒருவர் சபைக்கு வருகிறார். அழுக்குத் துணியோடு ஓர் ஏழையும் வருகிறார். முதலாமவருக்கு நல்ல இடம் கிடைக்கிறது. இரண்டாமவரை நிற்கச் சொல்கிறார்கள், அல்லது கால்மாட்டில் தரையில் உட்காரச் சொல்கிறார்கள். இப்படி ஆள் பார்த்து இடம் கொடுப்பது பாவம் என்று யாக்கோபு நேராகவே சொல்கிறார். உட்காரும் இடத்தைப் பற்றித் திருமறையிலேயே பேசப்பட்டிருக்கிறது என்பது நம் ஊர்களில் பலருக்கு நினைவுக்கு வருவதேயில்லை.

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இன்னொரு நிகழ்ச்சி வருகிறது. அந்தியோக்கியாவில் பேதுரு, யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து யூதக் கிறிஸ்தவர்கள் சிலர் வந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பேதுரு மெல்லப் பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரைத் தனியே அழைத்துப் பேசவில்லை. எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். பேதுருவுக்குக் கோட்பாடு தெரியாமல் இல்லை. சொந்தக்காரர்கள் பார்க்கிறார்கள் என்றதும் கை நடுங்கியது, அவ்வளவுதான். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் காலனி நண்பன் வந்ததும் சித்தப்பா, பெரியப்பா முகத்தைப் பார்க்கிறானே ஒரு மாப்பிள்ளைப் பையன், அதே நடுக்கம்தான்.

கொரிந்துச் சபையில் நடந்ததும் சாப்பாட்டுச் சிக்கல்தான். வசதியுள்ளவர்கள் முன்கூட்டியே வந்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடுவார்கள். வசதியற்றவர்கள் வரும்போது ஒன்றும் மிச்சமிருக்காது. நீங்கள் கூடிச் சாப்பிடுவது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் எழுதினார். இதன் பொருளை நாம் யோசிக்க வேண்டும். பாகுபாடு உள்ள இடத்தில் நடக்கும் வழிபாடு குறைபாடுள்ள வழிபாடு என்றுகூட அவர் சொல்லவில்லை; அது வழிபாடே அல்ல என்கிறார்.

இயேசு என்ன செய்தார்? யூதர்கள் புழங்காத சமாரியர்களின் ஊரில், கிணற்றடியில், ஒரு பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் பாத்திரத்தில் மொண்டு கொடுக்கும் தண்ணீரைக் கேட்டார். இரட்டைக் குவளை வைத்திருந்த தேநீர்க் கடைகளைப் பார்த்த நமக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாதி எப்படி உள்ளே வந்தது?

கத்தோலிக்க மறையைப் பரப்ப ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606-இல். காவி கட்டி, பிராமணத் துறவியைப் போல வாழ்ந்து, உயர்சாதியினரிடம் பேசினார். சாதியைச் சமூக வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, அதைத் தொடாமலேயே மறையைப் போதிக்க முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. அவர் காலத்திலேயே, 1640-ஐ ஒட்டி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 'பண்டாரசாமிகள்' என்ற தனிக் குருக்கள் ஏற்பட்டார்கள். ஒரே கடவுள், ஒரே திருமறை. ஆனால் மேல்சாதிக்கு ஒரு சாமி, கீழ்சாதிக்கு ஒரு சாமி. தமிழ் பேசவும் தமிழில் எழுதவும் அவர் பட்ட பாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அன்று 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்று விட்டுவைத்தது நானூறு ஆண்டுகளாக இருந்துகொண்டிருக்கிறது.

புராட்டஸ்டண்டு பக்கமும் கதை வேறல்ல. சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், தமிழ்த் திருமறை என்று அந்த மிஷன் செய்தவை நமக்குத் தெரியும். அதே மிஷனின் ஆலயங்களில் வெள்ளாளர் ஒரு பக்கமும் பறையர் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1733-இல் ஆரோன் என்ற வெள்ளாளர் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்டுகளில் முதல் குரு அவர்தான். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சைப் படையில் இருந்தவர், பறையர் சமூகத்தில் பிறந்தவர், தஞ்சைப் பகுதியில் சபை வளர ஊர் ஊராக அலைந்தவர். அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்பதே காரணம். தகுதி குறைவு என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கையிலிருந்து அப்பம் வாங்க மாட்டார்கள் என்றே சொன்னார்கள்.

சொல் பலிக்கவில்லை, பந்தி பலித்தது

ஆனால் இந்த வரலாற்றில் இன்னொரு சரடும் இருக்கிறது. அதை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சாதி தானாகக் கரைந்த இடம் ஒன்றுகூட இல்லை. அது அசைந்த இடங்களிலெல்லாம் யாரோ ஒருவர் ஒழுங்கு போட்டிருக்கிறார். அதை மீறியவர் விலை கொடுத்திருக்கிறார்.

கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேற்றுமையை உடனடியாக, முழுமையாக, இனி எப்போதும் இல்லாதபடி கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்களில் பலர் பிறகு, சாதியைப் பொறுத்துக்கொண்ட லுத்தரன் மிஷனில் போய்ச் சேர்ந்தார்கள். கிறிஸ்துவை விட்டாலும் விடுவோம், சாதியை விட மாட்டோம் என்பதுதானே இதன் பொருள்?

1840-களில் மதுரை அமெரிக்க மிஷன் ஒரு தேர்வு வைத்தது. அதற்கு 'அன்பின் விருந்து' என்று பெயர். மிஷன் ஊழியர்கள் எல்லோரும், எந்தச் சாதியாக இருந்தாலும், ஒடுக்கப்பட்ட சாதியார் சமைத்ததை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசியார்கள், ஆசிரியர்கள் எனப் பலர் உட்கார மறுத்தார்கள். மறுத்தவர்களை மிஷன் பொறுப்பிலிருந்து விலக்கியது. வேத பாடத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கக்கூடியவர்கள் ஓர் இலைச் சோற்றின் முன்னால் தோற்றுப்போனார்கள்.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தின் கதையும் அறியத்தக்கது. திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்த நட்டாலம் தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்றது இந்த ஊரில்தான். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியவர் அவர். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கியே அறிவித்தது. அப்படிப்பட்டவர் மனம் திரும்பிய அதே ஊரில், 1872-இல், உலகத்தில் எங்குமே காணாத மாதிரியில் ஓர் ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இரண்டு மண்டபங்கள் பிரிந்து போகும். ஒன்று வெள்ளாளருக்கு, மற்றது நாடாருக்கு. ஒரு தரப்பார் மறு தரப்பாரைப் பார்க்காமலே பூசை காணலாம். சாமி மட்டும் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

1910-இல் பங்குக் குரு கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்புச் சுவரை இடித்தார். பிள்ளைமாரும் முதலியாரும் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. ஆலயத்துக்குள் தங்கள் சாதிக்கென்று தனி இடம் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது.

அந்தச் சுவர் மறையுரை கேட்டு விழவில்லை. ஒருவர் கடப்பாரையைத் தூக்கினார், நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, சுவர் விழுந்தது.

தேர், வரி, தூம்பா

அது நூறு வருடத்துக் கதை, இன்று அப்படியா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம் எறையூருக்குப் போகலாம். புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தின் பழமையான பங்குகளில் ஒன்று அது. சாதிக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கு ஆலயத்துக்கு உரியவர்கள். ஆனால் தலித் வீட்டுச் சவ ஊர்வலம் பொதுத் தெரு வழியாக வரக்கூடாது, கல்லறையும் தனி. தலித் மக்கள் தங்கள் பகுதியில் சகாய மாதாவுக்கு ஓர் ஆலயம் கட்டிக்கொண்டு, அதைத் தனிப் பங்காக அறிவிக்கச் சொன்னார்கள். 2008 மார்ச்சில் அதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9-ஆம் தேதி அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சாதிக் கிறிஸ்தவர் தரப்பில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். தவக்காலத்தில் நடந்தது இது. ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் நாட்களில், ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒருவரையொருவர் தாக்கி, இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை இழந்தன. சாதி எந்தப் பக்கத்துக்கும் நன்மை செய்வதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தில், கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு ஆலயத்தின் திருவிழாவில் சம உரிமை கேட்டுத் தலித் கிறிஸ்தவர்கள் உயர் நீதிமன்றம் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். கேட்பது என்ன? எங்களிடமும் வரி வாங்குங்கள், எங்கள் தெருவுக்கும் தேரைக் கொண்டுவாருங்கள் என்பதுதான். ஊர் உலகத்தில் வரி கட்டாமல் இருக்கத்தான் வழக்குப் போடுவார்கள். வரி கட்டும் உரிமைக்காக வழக்குப் போடும் மக்கள் நாமாகத்தான் இருப்போம்.

இதன் சூட்சுமம் நகரத்து வாசகர்களுக்குப் புரியாமல் போகலாம். கிராமத்துத் திருவிழாவில் வரி என்பது வெறும் பணம் அல்ல. தலைக்கட்டு வரி கொடுத்தவருக்குத்தான் மண்டகப்படி, தேர் வடத்தில் கை, விழாக் கூட்டத்தில் பேச்சு, கணக்குக் கேட்கும் உரிமை எல்லாம். வரியை மறுத்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் ஒரே அடியில் மறுத்துவிடலாம். 'நாங்கள் யாரையும் வரக்கூடாது என்று சொல்லவில்லையே, வந்து கும்பிட்டுப் போகட்டுமே' என்று நல்லபிள்ளையாகப் பேசலாம். விருந்தாளியாக வரலாம், வீட்டுக்காரராக வரக்கூடாது என்பதே அந்தப் பேச்சின் உள்ளர்த்தம்.

சாவிலும் இதே கணக்குத்தான். தூம்பா என்று நம் பக்கத்தில் சொல்லும் பொதுச் சவப்பெட்டி எந்தத் தெருவுக்கு வரும், எந்தத் தெருவுக்கு வராது என்பதில் எத்தனையோ ஊர்களில் சண்டை நடந்திருக்கிறது. திருச்சி மேலப்புதூரில் உள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகள், மறு பக்கம் மற்றவர்களின் கல்லறைகள். 2010-இல் பெரியார் இயக்கத் தோழர்கள் போய் அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். கடவுள் இல்லை என்று சொல்கிறவர்கள், கடவுள் உண்டு என்று சொல்கிறவர்கள் கட்டிய சுவரை இடித்தார்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறோம் என்று அறிக்கையிடுகிறோமே, அந்த நாளில் எக்காளம் ஊதும்போது இரண்டு வரிசையாகவா எழுந்திருக்கப் போகிறோம்?

'கிறிஸ்தவத்தில் சாதி இல்லை'

இந்த வாக்கியத்தை நாம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு இனிமையான வாக்கியம். ஆனால் தலித் கிறிஸ்தவருக்கு எதிராக இதைப்போல் பயன்பட்ட வாக்கியம் வேறில்லை.

1950-இல் வந்த குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியர்களும், 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்றுவரை வெளியேதான். உங்கள் மதத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்குச் சலுகை என்பதே அரசுத் தரப்பில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். மாநில அரசின் சில கல்வி உதவிகள் கிடைக்கின்றன. ஆனால் தனித் தொகுதியில் நிற்க முடியாது. பட்டியல் சாதிக்குரிய வேலை ஒதுக்கீடு கிடையாது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. அடிக்கிறவன் மதம் பார்த்து அடிப்பதில்லை. புகாரை வாங்குகிறவர் மட்டும் மதம் பார்க்கிறார்.

சூசை என்ற சென்னைச் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கு சட்டம் படிக்கும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு பெட்டிக்கடை கொடுத்தது. ஆதிதிராவிடராகப் பிறந்தவர், அதே தொழில், அதே சாலையோரம்; ஆனால் கிறிஸ்தவர் என்பதால் சூசைக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதை நிலைநாட்டப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. சான்று எங்கே இருந்தது? பிரிந்த இருக்கைகளில் இருந்தது. தனிக் கல்லறைகளில் இருந்தது.

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதிக்கும் மதத்துக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்கச் சொன்னது. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

இதில் திருச்சபைக்கு உள்ள சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஆம் தேதியைக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று ஆயர்களும் பேராயர்களும் முன்வரிசையில் நடக்கிறார்கள். அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயமானது. ஆனால் அரசிடம் 'எங்களுக்குள் சாதி இருக்கிறது' என்று மனுக் கொடுத்துவிட்டு, பங்குக்குத் திரும்பி வந்து தலித் மக்களிடம் 'சபைக்குள் சாதிப் பேச்சைக் கொண்டுவராதீர்கள்' என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? அரசிடம் கேட்கும் நீதியை முதலில் நம் பங்கில் செய்து காட்டினால் அந்தக் கோரிக்கைக்கு இரண்டு மடங்கு பலம் கிடைக்கும்.

மணமகன் தேவை

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் திருமண விளம்பரப் பக்கத்தைத் திருப்பினால் நமக்கு இறையியல் வகுப்பே தேவையில்லை. ஆர்.சி. என்றோ சி.எஸ்.ஐ. என்றோ தொடங்கி, அடுத்த சொல்லாகச் சாதிப் பெயர் நிற்கும். தாராள மனம் படைத்த சிலர் 'சாதி தடையில்லை' என்று போடுவார்கள், அடைப்புக்குறிக்குள் 'எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக' என்று சேர்ப்பார்கள். இறையச்சமுள்ள குடும்பம் என்ற சொல்லும் அதே விளம்பரத்தில் இருக்கும்.

துறவற மடங்களும் இதற்கு விலக்கல்ல. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே பேசப்படும் ஏழ்மைக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியைக் கண்டு வெளியேறிய பாமா, 1992-இல் 'கருக்கு' எழுதினார். தமிழ்க் கிறிஸ்தவத்தின் முகத்துக்கு நேரே பிடித்த கண்ணாடி அது.

இந்த இடத்தில் நம் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். பறையர், பள்ளர், அருந்ததியர் எனப் பிரிந்து நிற்கும் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் எத்தனை திருமணம் செய்துகொள்கிறார்கள்? தலித் குடியிருப்புகளுக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார்களை எப்படி நடத்துகிறார்கள்? இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலில் வரும் ஆரோக்கியம், ஒடுக்கப்பட்டவர்களின் வாசலில் சோற்றுக்குக் கையேந்தி நிற்கும் கிறிஸ்தவப் பெண். மேலே இருக்கிறவனிடம் சமத்துவம் கேட்கிற வாய், கீழே இருக்கிறவருக்கு அதைக் கொடுக்கத் தயங்கினால், அந்தக் கேள்விக்கு வலு இருக்காது.

அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை

திருச்சபைக்கு இவை எதுவும் தெரியாமல் இல்லை. தமிழக ஆயர் பேரவை 1990-இலேயே தலித் கிறிஸ்தவர்களுக்கென்று பத்து அம்சத் திட்டம் அறிவித்தது. 2003-இல் ரோமாபுரி சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் நிழல்கூட இருக்கக் கூடாது என்று வலியுறுத்தினார். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, சாதிப் பாகுபாடு பாவம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. 2022-இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்' என்று மாணவர்கள் அழைத்தவர், பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதே நற்கருணையின் பொருள் என்று கற்பித்தார். நம்மோடு நின்ற, நமக்காக அடிபட்ட குருக்களும் கன்னியரும் உண்டு. மிஷன் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் நம்மில் பலர் இந்தப் பத்தியைப் படிக்கும் எழுத்தறிவே பெற்றிருக்க மாட்டோம். அந்த நன்றி நமக்கு உண்டு.

அறிக்கைகளில் குறை இல்லை. அவற்றை மீறுகிறவருக்கு எந்த இழப்பும் இல்லை என்பதுதான் குறை. வரி வாங்க மறுத்த விழாக் குழுவுக்கு அடுத்த ஆண்டும் திருவிழா நடக்கிறது. இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பங்குத்தந்தை மந்திரிக்காமல் கொடி ஏறாது. அவர் இல்லாமல் திருவிழாப் பூசை இல்லை. அதிகாரம் கையில் இல்லை என்று திருச்சபை சொல்ல முடியாது. எல்லாத் தெருவுக்கும் போகாத தேருக்கு மந்திரிப்பு இல்லை என்று ஓர் ஆயர் எழுதி, அதில் உறுதியாக நின்றால் போதும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தலைக்கட்டு வரியை எல்லாக் குடும்பங்களிடமும் ஒரே ரசீதுப் புத்தகத்தில் வாங்க வேண்டும். தேர்ப் பாதையை விழா அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும். பங்குப் பேரவையிலும் நிதிக் குழுவிலும் தலித் மக்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்து அல்ல, இறந்த தேதி வரிசையில் குழி வெட்ட வேண்டும். நேற்று இறந்தவருக்குப் பக்கத்தில் இன்று இறந்தவர், அவ்வளவுதான் ஒழுங்கு. தூம்பா ஒன்று, பாதை ஒன்று. பெரிய வியாழனன்று பாதம் கழுவப் பன்னிரண்டு பேரை அழைக்கும்போது, காலனியிலிருந்து எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளிலும் பேராயத் தேர்தல் வந்தால் சாதிக் கணக்குப் போடும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பங்கில், உங்கள் சேகரத்தில், கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். தேர் எந்தத் தெருமுனையில் திரும்புகிறது என்று பாருங்கள். விழா வரி ரசீதில் யார் பெயர் இல்லை என்று பாருங்கள். தேதி போட்டு, ஊர் போட்டு எழுதுங்கள். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில், மரியாதையாக, ஆனால் எல்லோரும் கேட்கும்படி கேளுங்கள். ஆயருக்கு எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள். சூசையின் வழக்கில் இல்லாமல்போன சான்று உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும்.

சபையைப் பிரிக்கிறாய் என்று உங்களைச் சொல்வார்கள். பந்தியிலிருந்து பேதுரு எழுந்தபோது பிரிவினை வந்தது. அதைப் பவுல் சுட்டிக்காட்டியபோது அல்ல. காணிக்கையைப் பீடத்தில் வைக்கும் முன், மனத்தாங்கல் உள்ள சகோதரனோடு போய் ஒப்புரவாகு என்று மலைப்பொழிவில் ஒரு கட்டளை இருக்கிறது. அதன்படி பார்த்தால், ஞாயிறு பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுகிறவர்கள் முதலில் போக வேண்டியது ஆலயத்துக்கு அல்ல, பக்கத்துத் தெருவுக்கு.